மட்டக்களப்புக்கு வேண்டியது எயார்பஸ் அல்ல

மட்டக்களப்பு விமான நிலையத்தைப் பற்றிய பேச்சு எப்போது எழுந்தாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது. ஓடுபாதையை நீட்டுங்கள், ஸ்ரீலங்கன் எயார்பஸ் வந்து இறங்கட்டும், டுபாய்க்கும் டோகாவுக்கும் இங்கிருந்தே ஏறிப் போகிறோம் என்பார்கள். கேட்கிறவர்கள் பக்கம் நியாயம் நிறையவே இருக்கிறது. ஏறாவூர், காத்தான்குடி, கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று என்று கரையோரம் முழுக்க மத்திய கிழக்கில் ஆள் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். படுவான்கரைக் கிராமங்களிலிருந்து வீட்டு வேலைக்குப் போன பெண்களின் கணக்கு வேறு. இத்தனை பேரும் இரவு பஸ்ஸிலோ ஹயஸ் வானிலோ பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று முந்நூறு கிலோமீற்றர் உருண்டுதான் கட்டுநாயக்காவைப் பிடிக்கிறார்கள். விடிகாலை பிளைட் என்றால் முதல்நாள் பின்னேரமே வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டும். வழியில் ஒரு டயர் வெடித்தால், மனம்பிட்டிப் பக்கம் வெள்ளம் வீதிக்கு ஏறினால், டிக்கட் காசு போய்விடும்.

கோரிக்கையில் நியாயம் இருந்தாலும் கேட்கப்படும் பொருள் பிழையானது என்பது என் எண்ணம். எயார்பஸ்ஸைக் கேட்டுக்கொண்டே இருந்தால் இன்னும் இருபது வருடத்துக்கு ஒன்றும் வராது. நாம் கேட்க வேண்டியது, நம் ஓடுபாதைக்குப் பொருந்துகிற, எழுபது ஆசனமுள்ள, புரொப்பெல்லரால் பறக்கிற ஒரு டர்போப்ரொப் விமானம். அது தேசிய விமான நிறுவனமான ஸ்ரீலங்கனின் டிக்கட்டிலேயே கட்டுநாயக்காவுக்குப் பறக்க வேண்டும். அப்படி ஒரு விமானம் அந்த நிறுவனத்திடம் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு நாற்பத்தைந்து வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. முதலில் ஓடுபாதையின் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

ஒன்றரைக் கிலோமீற்றரில் எது இறங்கும்

வாவியோரம் திமிலதீவுப் பக்கம் கிடக்கிற அந்த ஓடுபாதை ஒன்றரைக் கிலோமீற்றரை ஒட்டிய நீளம் கொண்டது. ஸ்ரீலங்கன் ஓட்டும் எயார்பஸ் வகைகளில் ஒன்றான ஏ320 நியோ முழு எடையில், அதாவது 79 தொன்னில், கடல் மட்டத்தில், 15 பாகை வெப்பத்தில் மேலெழும்ப ஏறக்குறைய 2,100 மீற்றர் கேட்கும். 15 பாகை என்பது புத்தகக் கணக்கு. மட்டக்களப்பில் ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது பகல் வெப்பம் 33 பாகையைத் தாண்டுவது சாதாரணம். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. இறக்கைக்குத் தூக்குவிசை குறையும், எஞ்சினுக்கும் காற்று போதாது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் வடிவமைப்புக் கைநூல் இதற்கு ஒரு எளிய சூத்திரம் தருகிறது. நியம வெப்பத்துக்கு மேலே ஒவ்வொரு பாகைக்கும் ஓடுபாதை நீளத்தை ஒரு வீதம் கூட்டு என்கிறது. 33இலிருந்து 15ஐக் கழித்தால் 18. ஆகவே 2,100 மீற்றர், 2,480 மீற்றர் ஆகிறது. இருப்பதைவிட ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் அதிகம். ஒரு பக்கம் வாவி, சுற்றிவரக் குடியிருப்பு என்று இருக்கிற இடத்தில் அந்த ஒரு கிலோமீற்றரை எங்கிருந்து எடுப்பது என்பதை யாரும் வரைபடத்தில் காட்டியதில்லை.

சென்னைக்கு மட்டும் பறந்தால் போதுமே என்று கேட்கலாம். இங்கிருந்து சென்னை வான்வழியில் 600 கிலோமீற்றர் சொச்சம்தான். எரிபொருள் குறைவாக ஏற்றலாம், விமானம் இலேசாகும், மேலெழும்பும் தூரம் சுருங்கும். அது சரிதான். ஆனால் அடுத்த முட்டுக்கட்டை தரையிறங்குவதில் வருகிறது. ஐரோப்பிய, அமெரிக்க விதிகளின்படி பயணிகள் ஜெட் விமானம் ஒன்று ஓடுபாதையின் 60 வீதத்துக்குள் நின்றுவிடக்கூடியதாக இருந்தால்தான் அங்கே அனுப்பலாம். ஓடுபாதை ஈரமாக இருக்கும் என்று எதிர்பார்த்தால் அது இன்னும் 15 வீதம் நீளமாக இருக்க வேண்டும். 1,500 மீற்றரில் 60 வீதம் 900 மீற்றர். மார்கழி மழையில் அது 780 மீற்றராகிவிடும். அவ்வளவுக்குள் ஒரு ஏ320ஐ நிறுத்தி, அதில் காசு வரும் அளவுக்கு ஆட்களையும் ஏற்றிவர முடியாது. டர்போப்ரொப்புக்கு ஐரோப்பிய விதி 70 வீதம் வரை இடம் தருகிறது. புரொப்பெல்லர் இதழ்களைத் திருப்பிப் பின்னோக்கி இழுக்கலாம், இறங்கும் வேகமும் குறைவு.

தரையின் பலம் இன்னொரு விடயம். ஏ320இன் எடையில் 95 வீதம் அளவு நான்கு பிரதான சில்லுகளில் விழுகிறது. முழு எடையில் ஒரு சில்லுக்கு 18 தொன்னுக்கு மேல். நான் சொல்லும் எழுபது ஆசன டர்போப்ரொப்பான ஏடிஆர் 72 முழு எடையில் 23 தொன், ஒரு சில்லுக்கு ஐந்தரைத் தொன் அளவு. ஆகவே எயார்பஸ்ஸுக்கு ஓடுபாதையை நீட்டினால் மட்டும் போதாது. உள்ள ஓடுபாதையையும், டாக்ஸி வழியையும், விமானம் நிற்கிற ஏப்ரனையும் அடியிலிருந்து தடிப்பாக்க வேண்டும். வாவியோர மணலும் சேறும் கலந்த நிலத்தில் அது சும்மா தார் ஊற்றுகிற வேலை இல்லை. தீயணைப்பும் விமானத்தின் நீளத்தைப் பார்த்தே தீர்மானிக்கப்படுகிறது. ஏ320க்கு ஆறாம் வகை. நுரை கலக்க 7,900 லீற்றர் நீர், அதுவும் நல்ல தர நுரை என்றால். வண்டி இரண்டு. ஏடிஆர் 72க்கு ஐந்தாம் வகை. 5,400 லீற்றர், ஒரு வண்டி. இரண்டிலும் மூன்று நிமிடத்துக்குள் ஓடுபாதையின் எந்த மூலைக்கும் வண்டி போய் நுரை அடிக்கத் தொடங்க வேண்டும். வண்டிக்கு ஆள், ஆளுக்கு மூன்று சிப்ட், பயிற்சி, சம்பளம். விமான நிலையத்தைத் திறந்து வைத்திருக்க மாதாமாதம் போகும் செலவின் பெரும் பகுதி இங்கேதான் இருக்கிறது. ரிப்பன் வெட்டும்போது இதை யாரும் பேசுவதில்லை.

அதே வெப்பச் சூத்திரத்தை ஏடிஆருக்கும் போட்டுப் பார்க்கலாம். முழு எடையில் புத்தகக் கணக்கு ஏறக்குறைய 1,315 மீற்றர். 18 வீதம் கூட்டினால் 1,550. நம் ஓடுபாதையின் விளிம்பில் வந்து நிற்கிறது. கட்டுநாயக்காவுக்குப் போக முழு எடை தேவையே இல்லை என்பதால் கையில் தாராளமாக மிச்சம் இருக்கிறது. இந்த ஒரு கணக்கிலேயே விடை கிடைத்துவிட்டது. இதற்குப் பிறகும் தேசிய நிறுவனம் ஏன் இந்தப் பக்கம் திரும்பவில்லை என்பதுதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கும் கேள்வி.

1979இல் எதை விட்டுவிட்டார்கள்

இலங்கையின் தேசிய விமான சேவை தொடங்கியபோது அது இப்படி இருக்கவில்லை. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டது. சீதா தேவி என்று பெயர் சூட்டிய டிசி-3 டகோட்டா. போன வழி காங்கேசன்துறை, பிறகு மதராஸ். முதல் பறப்பே நாட்டுக்குள் ஒரு இடத்தில் இறங்கி, ஆள் ஏற்றி, பிறகுதான் கடல் தாண்டியது. உள்ளூரும் வெளிநாடும் ஒரே கோட்டில் இருந்தன. பிறகு வந்த வருடங்களில் வெளிநாட்டுச் சேவைக்கு எயார் சிலோன் ஒவ்வொரு பெரிய நிறுவனத்தின் தோளிலும் சாய்ந்தது. அவுஸ்திரேலிய நஷனல் எயார்வேய்ஸ், டச்சு கேஎல்எம், பிரித்தானிய பிஓஏசி, பிரெஞ்சு யூடிஏ என்று கூட்டாளி மாறிக்கொண்டே இருந்தது. உள்ளூரில் யாழ்ப்பாணம், திருகோணமலை, கல்லோயா என்று டகோட்டாவும், பிறகு அவ்ரோ என்று மக்கள் சொன்ன 748உம் ஓடின. அவ்ரோவில் இரண்டு டார்ட் டர்போப்ரொப் எஞ்சின், நாற்பது சொச்சம் ஆசனங்கள். குட்டையான, கரடுமுரடான ஓடுபாதைக்கென்றே செய்த விமானம். இன்று நாம் கேட்க வேண்டிய விமானத்துக்கு அது தகப்பன் முறை.

அந்த அவ்ரோவை 1978 செப்டம்பர் 7ஆம் திகதி இரத்மலானையில் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். விடுதலைப் புலிகள் அதற்கு உரிமை கோரினார்கள். ஆட்கள் இறங்கிவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. எயார் சிலோன் ஏற்கெனவே நட்டத்திலும் நிர்வாகக் குழப்பத்திலும் மூழ்கிக் கிடந்தது. அடுத்த வருடம் அதை மூடினார்கள். 1979 செப்டம்பர் 1ஆம் திகதி எயார் லங்கா பறக்கத் தொடங்கியது. சிங்கப்பூர் எயார்லைன்ஸிடமிருந்து குத்தகைக்கு எடுத்த இரண்டு போயிங் 707கள்தான் கையிருப்பு.

இந்த இடத்தில்தான் முழு விடயமும் திரும்பியது. திறந்த பொருளாதாரம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வளைகுடா வேலை வாய்ப்பு திறந்துகொண்டிருந்தது. சுற்றுலாப் பயணிகள் ஐரோப்பாவிலிருந்து வரத் தொடங்கியிருந்தார்கள். எயார் லங்காவை அமைத்தவர்கள் சிங்கப்பூரைப் பார்த்தார்கள். சிங்கப்பூர் ஒரு நகரம், உள்ளூர்ப் பறப்பு என்று ஒன்று அதற்கு இல்லை. ஒரே விமான நிலையம், பெரிய விமானங்கள், நீண்ட தூரம். அந்த மாதிரியை இங்கே கொண்டுவந்தபோது, நாட்டுக்குள் பறப்பது தேசிய நிறுவனத்தின் வேலையே இல்லை என்றாகிவிட்டது. டிரைஸ்டார் வந்தது, 1984இல் 747 வந்தது, 1990களில் ஏ320உம் ஏ340உம் வந்தன. நாற்பது, ஐம்பது, எழுபது ஆசனமுள்ள விமானம் ஒன்று மறுபடி வரவே இல்லை.

போர்தான் காரணம் என்று சொல்வது பாதி உண்மை. 1983இல் மட்டக்களப்பு விமானத் தளம் விமானப்படையின் கைக்குப் போனது. 1998இல் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட லயன்எயார் அன்டனோவ் கடலில் விழுந்து 55 பேர் இறந்த பிறகு வடக்குக்குப் பறப்பதே பயமாக இருந்தது. அந்தக் காலத்தில் யாரும் மட்டக்களப்புக்கு விமானம் கேட்டிருக்க முடியாது. ஆனால் 1979இல் எடுத்த முடிவு போருக்கு முந்தியது. போர் முடிந்த பிறகும் அது அப்படியே தொடர்கிறது.

1998இல் எயார் லங்காவில் எமிரேட்ஸ் பங்கு வாங்கி, பெயர் ஸ்ரீலங்கன் என்று மாறி, பத்து வருடம் நிர்வாகம் அவர்கள் கையில் இருந்தது. 2001 ஜூலை 24 கட்டுநாயக்கா விமான நிலையத் தாக்குதலில் மூன்று விமானங்கள் எரிந்தபோதும் நிறுவனம் எழுந்து நின்றது. 2008இல் ஒப்பந்தம் முடிந்து அரசாங்கம் திரும்ப எடுத்தது. அதன் பிறகு வந்த தீர்மானங்களில் எனக்கு ஆறாத வருத்தம் இரண்டு. ஒன்று, தேவைக்கு மிஞ்சிய ஏ350களைக் குத்தகைக்குப் பேசி, 2016இல் அதை இரத்துச் செய்ய பெருந்தொகை கொடுத்தது. மற்றது மத்தளை விமான நிலையம். 2013 மார்ச்சில் 3,500 மீற்றர் ஓடுபாதையோடு அதைத் திறந்து, ஸ்ரீலங்கனை அங்கே இறங்கி ஏறச் சொன்னார்கள். ஆள் இல்லாத இடத்தில் ஒரு அகல உடல் விமானம் இறங்கி ஏறுவதற்கு எரிபொருள், நேரம், டயர், பிரேக் எல்லாம் தேய்வு. 2015 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். பொத்துவில், அக்கரைப்பற்று ஆட்களுக்குக் கட்டுநாயக்காவைவிட மத்தளை கிட்டத்தான். சியம்பலாண்டுவை, மொனராகலை வழியாகப் போய்விடலாம். ஆனால் ஏறிப் போகத் தொடர்ச்சியான பிளைட் வேண்டுமே. மத்தளை ஓடுபாதையில் போட்ட காசில் கொஞ்சம், ஆட்கள் உண்மையிலேயே இருக்கிற கிழக்குக்கு வந்திருக்கலாம் என்று நினைக்கும்போது மனம் பொறுக்கவில்லை.

சின்ன விமானம் எப்படி ஓடும்

2018 மார்ச்சில் மட்டக்களப்பு நிலையம் பொதுமக்கள் சேவைக்கு மறுபடி திறக்கப்பட்டது. பிறகு சர்வதேசம் என்ற பெயரும் வந்தது. ஒற்றை எஞ்சின் செஸ்னா கரவான் வந்து போயிருக்கிறது. எட்டுப் பேர் அளவு ஏறுவது, சுற்றுலாப் பயணிக்கான விலை. வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகிறவருக்கு அது உதவாது. இரத்மலானைக்குப் பறப்பதும் உதவாது. அங்கிருந்து கட்டுநாயக்காவுக்குக் கொழும்பு நெரிசலைக் குறுக்கே கடக்க வேண்டும், மிச்சம் பிடித்த நேரம் அதிலேயே போய்விடும். நேரே கட்டுநாயக்காவில் இறங்க வேண்டும். வான்வழியில் 200 கிலோமீற்றர் அளவுதான். ஏடிஆருக்கு நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம். வளைகுடாவுக்கும் சென்னைக்கும் போகும் பிளைட்டுகளுக்கு இரண்டு மணித்தியாலம் முன்னால் போய் இறங்குமாறு நேரசூசி போட்டு, பெட்டியை மட்டக்களப்பிலேயே டோகா வரைக்கும் டாக் போட்டு அனுப்பினால், பயணி கையை வீசிக்கொண்டு அடுத்த கேட்டுக்குப் போகலாம். டிக்கட் ஒன்றாக இருந்தால் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்துடையது. ஹயஸ் வான், டயர் பற்றிய கவலை பயணியின் தலையில் விழாது. இதற்காகத்தான் தேசிய நிறுவனம் வேண்டும் என்கிறேன். தனியார் ஒருவர் தனி டிக்கட்டில் பறந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

ஏடிஆரில் சிறு நிலையங்களுக்கென்றே சில வசதிகள் இருக்கின்றன. தரையில் நிற்கும்போது மின்சாரமும் குளிரூட்டலும் தர ஜெட்டில் வாலுக்குள் தனியாக ஒரு சிறு எஞ்சின் இருக்கும். ஏடிஆரில் அது இல்லை. வலது எஞ்சினின் புரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு, எஞ்சினை உள்ளே ஓடவிட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். ஆகவே கீழே மின்பிறப்பாக்கி வண்டி கட்டாயமில்லை. பயணிகள் ஏறுவது இடது பக்கம் பின் கதவால். அதன் கதவே படிக்கட்டு, ஏணி வண்டி வேண்டாம். சாமான் ஏறுவது முன் கதவால். ஆளும் பெட்டியும் ஒன்றையொன்று இடிக்காமல் ஏறுவதால் இருபத்தைந்து நிமிடத்தில் திரும்பிவிடலாம். எரிபொருளை இரண்டு பக்கத்துக்கும் கட்டுநாயக்காவிலேயே நிரப்பிக்கொண்டு வரலாம். இந்தத் தூரத்துக்கு ஒரு பக்கம் ஐந்நூறு கிலோ அளவுதான் போகும், டாங்கி ஐந்து தொன் கொள்ளும். ஜெட் ஏ-1 சேமிப்பகம் கட்டும் வேலை மட்டக்களப்பில் உடனே தேவையில்லை. 2022இல் கட்டுநாயக்காவிலேயே எரிபொருள் வற்றி, ஸ்ரீலங்கன் விமானங்கள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி நிரப்பிக்கொண்டு போனதை நினைத்தால், இது சின்ன விடயம் இல்லை.

சிக்கல்களும் உண்டு, அவற்றை மூடி மறைக்கக்கூடாது. இரண்டு விமானம் வாங்கினால் ஒன்று பெரிய பரிசோதனைக்குப் போகும் காலத்தில் சேவை பாதியாகிவிடும். மூன்று வேண்டும், அல்லது ஆள், பராமரிப்பு, காப்புறுதியோடு முழுதாக வாடகைக்கு எடுக்க வேண்டும். ஏ320 ஓட்டுகிற கப்டனை நாளைக்கே ஏடிஆரில் ஏற்ற முடியாது, அந்த வகை விமானத்துக்கென்று தனி ரேட்டிங், அதாவது ஓட்டும் தகுதி, வேண்டும். கடலோரத்தில் ஓடும் எஞ்சினுக்குள் உப்பு படியும். அடிக்கடி கம்ப்ரஸரை நீரால் கழுவாவிட்டால் இதழ் அரித்து, எஞ்சின் காலத்துக்கு முன்பே கழற்றப்படும். உதிரி எஞ்சினுக்கு டொலர் இல்லாமல் சில ஏ320 நியோக்கள் மாதக்கணக்கில் தரையில் நின்றதை நாடே பார்த்தது. வாவிப் பறவைகளும் இருக்கின்றன. நீர்க்காகமும் கொக்கும் விடியற்காலையில் கூட்டமாக எழும்பும் நேரமும், வளைகுடா இணைப்புக்கான பிளைட் நேரமும் ஒன்றாக விழும். நிலையத்துக்கு 13 கிலோமீற்றர் ஆரத்துக்குள் குப்பை மேடு இருக்கக்கூடாது என்பது சர்வதேசப் பரிந்துரை. மாநகர சபையும் பிரதேச சபைகளும் செய்ய வேண்டிய வேலை இது. இதற்குக் கொழும்பைக் காத்திருக்கத் தேவையில்லை.

ஆள் வருமா என்ற சந்தேகத்துக்கு, காங்கேசன்துறையை ஒட்டிய யாழ்ப்பாணப் பலாலி விமான நிலையம் பதில் சொல்லிவிட்டது. 2019இல் திறந்து, தொற்றுக்காலத்தில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கி, 2024இல் இரண்டாவது நிறுவனமும் வந்தது. இரண்டும் ஓட்டுவது ஏடிஆர் 72. இரண்டும் இந்திய நிறுவனங்கள். எயார் சிலோனின் முதல் விமானம் போன அதே வழியில் இன்று இலங்கையின் தேசிய நிறுவனத்துக்கு இடமில்லை என்பது வருத்தமான விடயம்.

திரும்பி வருகிறவர்களின் பெட்டி பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஏடிஆர் 72 ஏற்றக்கூடிய மொத்தச் சுமை ஏறக்குறைய 7,500 கிலோ. கைப்பையோடு ஒருவரை 84 கிலோ என்றும், வளைகுடாப் பெட்டியை 40 கிலோ என்றும் கணக்குப் போட்டால் எழுபது பேருக்கு 8,680 கிலோ. ஒரு தொன்னுக்கு மேல் கூடிவிடும். அறுபது பேரோடு நிறுத்தினால் எடை அடங்கும். ஆனால் எடைக்கு முன்னால் இடம் தீர்ந்துவிடும், சாமான் அறை பத்துக் கன மீற்றர் சொச்சம்தான். போர்வையும் பால்மாவும் விளையாட்டுச் சாமானும் கட்டிய கார்ட்டன் பெட்டிகள் அதற்குள் அறுபது அடுக்க முடியாது. ஆகவே ஆளோடு ஒரு பெட்டி, மிச்சம் அன்றிரவே லொறியில் என்று செய்ய வேண்டும். அதற்கு சுங்கப் பரிசோதனை கட்டுநாயக்காவில் நடக்காமல் மட்டக்களப்பில் நடக்க வேண்டும். முத்திரையிட்ட லொறி நேரே இங்கே வந்து, சொந்தக்காரர் முன்னால் பெட்டியைத் திறக்க வேண்டும். நம் நிலையத்துக்குச் சூட்டிய சர்வதேசம் என்ற பெயரை வைத்து இன்றைக்கே செய்யக்கூடிய வேலை இதுதான். ஒரு சுங்க அலுவலர் குழு, ஒரு எக்ஸ்ரே இயந்திரம், பூட்டுப் போட்ட ஒரு களஞ்சியம் போதும். ஓடுபாதையில் ஒரு மீற்றர்கூட நீட்ட வேண்டியதில்லை.